மாத மழைக் கணக்கு எழுதும் முறை

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் பொருட்டுக் கிராமங்களுக்குச் செல்லுங்கால், வரவு செலவு விஷயங்கள் முடிந்தவுடன் பேச்சு மழையின்மீது திரும்பாமல் இருப்பதில்லை. கடன் வசூலாவதும் ஆகாமற் போவதும் மழையையே பொறுத்திருக்கும்போது அஃது இயல்புதான். "இந்தக் கார்த்திகையில் உங்கள் ஊரில் மழை எவ்வளவு?" என்று கேட்டால், "இரண்டு உழவு மழை பெய்ததுங்க" என்பார் ஒருவர். "ஏரி கால் பாகம் ஏறிற்று" என்பார் மற்றொருவர். பஞ்சாங்கத்தில் பற்றுள்ள பெரியவரோ, இவ்வருஷத்து மழை இத்தனை மரக்கால் என்றும், அதில் சமுத்திரத்திற்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்றும் பங்கிட்டுக் காட்டுவார். இவற்றை நான் இகழ்வதற்கில்லை. கலப்பை இறங்கும் அளவுக்கு நிலம் நனைந்தது என்பதை ஒரே சொல்லில் காட்டும் உழவு மழை அருமையானதோர் அளவை. ஆயினும் செம்மண்ணுக்கு ஓர் உழவாகும் மழை கரிசலுக்கு ஆவதில்லை. ஆகவே ஒருவர் சொல்லும் உழவு மழையை அடுத்த ஊராருடையதோடு ஒப்பிடவும் முடியாது. பத்து வருஷத்திற்கு முந்தியதோடு சேர்த்துக் கூட்டிக் கழிக்கவும் முடியாது.

இக்குறையினால் ஒரு கிராமத்தார் அடைந்த நஷ்டத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். அது மானாவாரிக் கிராமம். ஐப்பசியில் முதல் மழையை நம்பி விதைத்தார்கள். பயிர் முழங்கால் உயரம் வந்தபின் வானம் பொய்த்தது. அவர்களுடைய பயிர், வானிலையை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருந்தது. இவ்விதக் காப்பீட்டில் இழப்பீடு கொடுப்பது வயலை வந்து பார்த்து அன்று. முன்னமே குறிக்கப்பட்ட ஒரு வானிலை நிலையத்தின் ஏட்டைப் பார்த்தேயாம். அந்நிலையமோ கரட்டிற்கு அப்பால் நகரத்தில் இருந்தது. அங்கே அம்மாதத்தில் போதிய மழை பெய்திருந்தது. சங்கத்து அங்கத்தினர்கள் கூடி மனு எழுதினார்கள். "எந்தத் தேதிகளில், எவ்வளவு குறைந்தது?" என்ற ஒரே கேள்வியோடு மனு திரும்பி வந்தது. காரியதரிசி தேடிப் பிடித்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஓர் அங்கத்தினர் தமக்குத் தோன்றிய நாட்களில் "தூறல்" என்றும், "நல்ல மழை" என்றும் குறித்து வைத்திருந்தார். பல நாட்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. அந்நாட்களில் மழை பெய்யவில்லையா, அல்லது அவர் ஊரில் இல்லையா என்று கேட்டதற்கு அவராலேயே விடை சொல்ல இயலவில்லை. நகரத்து நிலையத்தின் ஏடும் பொய் சொல்லவில்லை; கிராமத்தாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் எண் இருந்தது. மறுபக்கத்தில் எண் இல்லை.

ஒரு தேசம் முழுவதிலும் பரவிக் கிடக்கும் வானிலை நிலையங்கள் ஒரு மாதத்தின் மழையையும் வெப்பத்தையும் எவ்விதம் எழுதிச் சேர்க்கின்றன என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம். இது கற்றோர்க்கு மட்டும் உரிய வித்தையன்று. நம் சங்கத்தின் தினசரிக் கணக்கை எழுதத் தெரிந்தவர் எவரும் இதனையும் எழுதலாம்.

மழையை அளப்பது புதிய வழக்கமன்று. கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரத்தில், பண்டசாலையின் முன்னே ஒரு முழ அகலமுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்க வேண்டுமென்று விதித்திருக்கின்றது. தானியக் கிடங்கின் பொறுப்பாளனிடமே இவ்வேலையை ஒப்பித்தது கவனிக்கத் தக்கது. கொரியா தேசத்தில் செஜோங் என்னும் அரசர் காலத்தில், 1440-களில், ஒரே அளவாகச் செய்த பாத்திரங்களை மாகாணங்களுக்கு அனுப்பி மழைக் கணக்கு வாங்கினார்கள். நம் சென்னையில் 1792-ஆம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நட்சத்திரங்களை ஆராய ஒரு நோக்கு நிலையத்தை ஏற்படுத்தினர். சில வருஷங்களுக்குள் அங்கே வெப்பம், காற்று முதலியவற்றையும் ஒழுங்காகக் குறித்து வைக்கத் தொடங்கினர். இந்தியாவில் மிகப் பழமையான வானிலைக் குறிப்புகளில் சென்னையின் குறிப்பும் ஒன்று.

ஆனால் ஆங்காங்கே ஏடு இருந்ததே தவிர, அவ்வேடுகளை ஒன்றாகக் கோக்க முடியவில்லை. ஒரு மாகாணத்தில் ஒரு மணிக்கு அளந்தார்கள். மற்றொன்றில் வேறொரு மணிக்கு. கருவிகளும் பலவிதம். 1864-இல் கல்கத்தாவைக் கொடிய புயல் தாக்கியது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. இவற்றிற்குப் பின்னர், 1875-ஆம் வருஷத்தில் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அதன் முதல் தலைவராக வந்த ஹென்றி பிளான்போர்டு துரை முக்கியமாகச் செய்தது, எல்லா நிலையங்களும் ஒரே விதமான கருவியைக் கொண்டு ஒரே முறையில் எழுதும்படி செய்ததேயாம். அடுத்த வருஷமே தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரையில் மடிந்தவர் எண்ணிக்கை பல லட்சம். மழைக் கணக்கு பஞ்சத்தைத் தடுத்துவிடாது; அக்காலத்திலும் தடுக்கவில்லை. ஆயினும் எந்தத் தாலுகாவில் எத்தனை வாரங்களாக மழை இல்லை என்பதை ஊகத்தால் அன்றி எண்ணால் அறிய வேண்டிய அவசியம் அப்பொழுது யாவருக்கும் விளங்கிற்று.

இனி, கருவியைப் பற்றிச் சொல்வோம். மழைமானி என்பது மிகவும் எளிய சாதனம். மேலே வட்டமான வாயுள்ள ஒரு புனல், கீழே நீர் சேரும் ஒரு பாத்திரம், அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழல், இவ்வளவே. பிரிட்டனில் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860 முதல், பாதிரிமார், வைத்தியர், தோட்டக்காரர் போன்ற பல தரத்தாரையும் தூண்டி ஆயிரக்கணக்கான இடங்களில் மழையை அளக்கச் செய்தார். சம்பளம் வாங்காமல் அளந்தவர்களே அவர்களிற் பெரும்பாலார். அவர் பெயர் கொண்ட ஐந்து அங்குல வாயுள்ள மழைமானியே நம் தாலுகாக் கச்சேரிகளில் நெடுங்காலம் இருந்தது. அக்காலத்தில் மழையை அங்குலம், சென்ட் என்று எழுதினார்கள். ஓர் அங்குலத்திற்கு நூறு சென்ட். வீட்டில் பெரியவர்கள் இன்னும் "சென்ட் மழை" என்று பேசினால் பொருள் அதுவே. பின்னர் மில்லிமீட்டர் கணக்கு வந்தது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டருக்குச் சமம். இப்போது வழங்கும் கருவிகளின் வாய் பெரும்பாலும் 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளது.

"ஒரு மில்லிமீட்டர் மழை" என்றால் என்ன என்பதைப் பலர் விளங்கிக்கொள்ளாமலே பேசுகின்றனர். பெய்த நீர் வழிந்தோடாமலும் உறிஞ்சப்படாமலும் ஆவியாகாமலும் தட்டையான தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையின் அளவு. ஒரு மில்லிமீட்டர் நின்றால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,047 லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். கவலை இறைத்தவர்களுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் காத்திருப்பவர்களுக்கும் இவ்வெண்ணின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவி எளிது, அதை வைக்கும் இடந்தான் கடினம். திறந்த வெளியில், வாய் தரையினின்று 30 சென்டிமீட்டர் உயரத்தில், சாயாமல் சமமாக இருக்க வேண்டும். மரமோ சுவரோ அருகில் இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். மிகத் தாழ வைத்தால் தரையில் விழும் துளி தெறித்து உள்ளே சேரும். மிக உயர வைத்தால் காற்று துளியை அடித்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் நான் கண்ட மழைமானி வேப்ப மரத்தடியில் இருந்தது. வெயிலில் நின்று அளக்க வேண்டாமென்று யாரோ இரக்கங்கொண்டு நட்டிருக்கலாம். சிறு தூறலையெல்லாம் வேம்பே குடித்துவிட, பெருமழை நின்ற பின்பும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வேட்டில் எழுதப்பட்டது ஊரின் மழையன்று, வேம்பின் மழை.

வெப்பத்தை அளப்பதற்கு வேறொரு அமைப்பு உண்டு. நான்கு பக்கமும் சாய்பலகைகள் வைத்து, காற்று புகுந்து வெயில் புகாதபடி, வெள்ளை வர்ணம் பூசிய ஒரு மரப்பெட்டியைக் கால்களின்மேல் நிறுத்தியிருப்பார்கள். கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எஞ்சினீயர் வகுத்தது இது. உள்ளே நான்கு உஷ்ணமானிகள் இருக்கும். ஒன்று காற்றின் வெப்பத்தைக் காட்டும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இவ்விரண்டின் வித்தியாசத்தால் காற்றிலுள்ள ஈரம் தெரியும். மற்ற இரண்டும் அன்றைய மிகுந்த வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் நாம் வந்து பார்க்கும் வரையில் பிடித்து வைத்துக் காட்டுவன. அவற்றைப் படித்தபின் மறுநாளைக்காகத் திரும்ப அமைத்து வைக்க வேண்டும். மறந்தால் நேற்றைய எண்ணே இன்றும் நிற்கும்.

எழுதும் நேரம் எல்லாவற்றினும் முக்கியமானது. இந்தியா முழுவதிலும் மழையைக் காலை 8 மணி 30 நிமிஷத்துக்கு அளக்கின்றார்கள். அது கிரீன்விச் நேரப்படி 3 மணி. உலகத்திலுள்ள மற்ற நிலையங்களும் அதே கணத்தில் தத்தம் கருவிகளைப் பார்க்கின்றன. இதனால் கணக்கில் ஒரு விசேஷம் உண்டாகின்றது. நேற்றுக் காலை 8-30 முதல் இன்று காலை 8-30 வரையில் பெய்தது முழுவதும் இன்றைய தேதியில் எழுதப்படும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பகலும் இரவும் பெய்து சென்னையையும் சுற்றுப்புறத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்திய மழை, ஏட்டில் டிசம்பர் 2-ந் தேதிக்கு எதிரேதான் இருக்கின்றது. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. தேதியைப் பார்த்து, "மழை பெய்த நாளை மாற்றி எழுதியிருக்கிறார்கள்" என்று குறை கூறுவோர் இம்முறையை அறியாதவர்களே. மாத முடிவிலும் இப்படியே. 30-ந் தேதி காலை 8-30-க்குப் பிறகு பெய்வது அடுத்த மாதத்து வரவு. நம் சங்கத்தில் பெட்டியைப் பூட்டிய பிறகு வரும் தவணையை மறுநாள் வரவில் வைப்பதைப் போன்றது இது.

மழை மிகுந்த நாட்களில் காலை வரையில் காத்திருத்தல் ஆபத்து. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் இவ்வளவு மழை பெய்தால் 19 லிட்டர் நீர் சேரும். உள்ளிருக்கும் குப்பி 10 லிட்டர் கொள்வதாயினும், நடுவே எழுந்து சென்று அளந்து கொட்டி எழுதாவிடில் பாதி மழை கணக்கிலிருந்து வழிந்து போகும். அத்தகைய இரவில், இடுப்பளவு நீரில் விளக்கேந்திச் சென்று அளப்பவருடைய உழைப்பு பத்திரிகையில் வரும் எண்ணில் தெரிவதில்லை.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்திற்கு வருகிறேன். மழை இல்லாத நாளில் "0" என்று எழுத வேண்டும். அளக்காத நாளில் ஒன்றும் எழுதாமல், "அளக்கவில்லை" என்று குறிக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதைப் போன்ற தவறு வேறில்லை. சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தில் வரவு இல்லாத நாளும், காரியதரிசி வராத நாளும் ஒன்றாகுமோ? ஒரு மழை ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. அவ்வூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்வதில்லை! திங்கட்கிழமைகளிலோ மற்ற நாட்களைவிட இரட்டிப்பாய்ப் பெய்திருந்தது. விடுமுறை நாளில் அளக்க ஆளில்லை. இரண்டு நாள் நீரையும் திங்களன்று சேர்த்து அளந்துவிட்டு, ஞாயிற்றுக்குச் சுழியம் போட்டிருந்தார்கள். வேறொரு மாதத்தில் எண்கள் யாவும் 5, 10, 15, 20 என்றே முடிந்தன. வானம் அவ்வளவு ஒழுங்காகப் பெய்யாது. கண்ணால் மதித்து எழுதிய எண்ணின் சாயல் அது.

அளக்கத் தவறினால் என் செய்வது? இரண்டு நாள் தவறி மூன்றாம் நாள் 46 மில்லிமீட்டர் இருந்தால், மூன்று நாட்களையும் ஓர் அடைப்புக்குறியால் பிணைத்து, "3 நாள் சேர்த்து 46" என்று எழுதுக. அப்போது மாதத்தின் மொத்த மழை ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆனால் மழை நாட்களின் எண்ணிக்கையும், ஒரே நாளில் பெய்த மிகுந்த மழையும் அம்மாதத்திற்கு நிச்சயமாகச் சொல்ல முடியாதவை. வெப்பமோ தவறினால் தவறியதுதான்; சேர்த்து வைக்க இடமில்லை. 30 நாளில் 3 நாள் விட்டுப்போனால் 27 நாட்களின் கூட்டலை 27-ஆல் வகுத்து, அவ்வாறு வகுத்ததைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். பிழையாக எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. ஒரு கோடிட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இவ்விதியை நம் சங்கங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

மாதம் முடிந்ததும் ஏட்டின் அடியில் என்னென்ன எழுதுவது? முதலில், மொத்த மழை. அடுத்தது மழை நாட்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழை நாள் என்று கணக்கிடுவது வானிலை இலாகாவின் வழக்கம். அதற்குக் குறைந்த தூறல் மொத்தத்தில் சேரும், நாட்கணக்கில் சேராது. மூன்றாவது, ஒரே நாளில் பெய்த மிகுந்த மழையும் அதன் தேதியும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் மாதத்தின் குணம் விளங்கும். மொத்தம் மட்டும் போதுமென்போர் காயல்பட்டினத்தை நினைக்க வேண்டும். அந்த 95 சென்டிமீட்டர், அப்பகுதியில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட மிகுதி. அதே அளவு நாற்பது மழை நாட்களில் பெய்திருந்தால் மூன்று போகத்துக்கும் கிணற்றுக்கும் ஆகியிருக்கும். ஒரே நாளில் பெய்ததால் தாமிரபரணி கரை புரண்டு, கண்மாய்கள் உடைந்து, வீடும் மாடும் போயின. அன்று அடுத்திருக்கும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரே ஜில்லாவில், ஒரே மழையில், இவ்வளவு வேற்றுமை.

வெப்பத்திற்கு, ஒவ்வொரு நாளும் மிகுந்ததையும் குறைந்ததையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்நாளின் சராசரி. உதாரணமாக, 31.4 டிகிரியும் 24.2 டிகிரியும் ஆனால் 27.8. நாட்களின் சராசரிகளைக் கூட்டி நாட்களின் தொகையால் வகுப்பது மாதச் சராசரி. இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

பிறகு இம்மாதத்தை வழக்கமான மாதத்தோடு ஒப்பிட வேண்டும். பல பத்து வருஷங்களின் அதே மாதத்து மழையைக் கூட்டிச் சராசரி கண்டு, அதனை "இயல்பு மழை" என்கின்றனர். இயல்பு 180 மில்லிமீட்டர், பெய்தது 126 என்றால் குறைவு 54. அஃதாவது நூற்றுக்கு 30 குறைவு. வானிலை இலாகாவின் கணக்கில், இயல்பிலிருந்து நூற்றுக்கு 19 வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு மழையே. 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை. 60-உம் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை. மிகுதிக்கும் இவ்வாறே 20-உம் 60-உம் எல்லைகள். 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிற்கு 44 சென்டிமீட்டர் கிடைக்க வேண்டியிருக்க, கிடைத்தது சுமார் 17. நூற்றுக்கு 62 குறைவு. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென்று மாநில அரசு அறிவித்தது. அதற்கு முந்திய வருஷந்தான் வெள்ளம் என்பதை மறக்கலாகாது.

இவ்வகுப்பு முறையில் என் அபிப்பிராயம் ஒன்றுண்டு. ஜில்லாவின் மழை என்பது அங்குள்ள நிலையங்களின் சராசரி. மாநிலத்தின் மழை, ஜில்லாக்களின் பரப்புக்குத் தக்கவாறு எடையிட்டுக் கண்ட சராசரி. தேசத்தின் மழையும் அப்படியே. மேலே போகப்போக எண் நேர்த்தியாகின்றது, கிராமம் மறைந்துபோகின்றது. ஜில்லாவுக்கு நூற்றுக்கு 15 குறைவு என்றால் "இயல்பு" என்று எழுதிவிடலாம். அதற்குள் ஒரு குறுவட்டத்தில் பாதி மழைகூடப் பெய்யாதிருக்கலாம். இது கணக்கிட்டவர் குற்றமன்று. அக்குறுவட்டத்தில் மழைமானி இல்லாதிருந்தால் அதன் வறட்சி எந்தக் கூட்டலிலும் புக வழியில்லை.

நீண்ட காலம் சேர்ந்த மாத ஏடுகளால் உண்டாகும் பிரயோஜனத்திற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. அம்மாதத்தின் இயல்பு அப்போது சுமார் 407. ஊரே கண்டறியாத மழையென்று யாவரும் பேசினர். ஏட்டைத் திருப்பினால் 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் பெய்திருந்தது. அம்மழையை நனைந்து பார்த்தவர்களில் 97 வருஷங்களுக்குப் பிறகு சாட்சி சொல்லத் தக்கவர் யார்? அன்று காலைதோறும் அளந்து எழுதிய ஓர் உத்தியோகஸ்தரின் ஏடே சாட்சி. ஏரிகளின் கலிங்கையும் ஆற்றுப் பாலங்களின் கண்களையும் எவ்வளவு அகலமாகக் கட்டவேண்டுமென்று தீர்மானிப்பவர்கள் இவ்விதச் சாட்சியையே தேடுகின்றார்கள்.

மற்றொன்று, கில்பர்ட் வாக்கர் துரையின் வேலை. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்தார். இந்தியாவின் பருவமழை எவ்வருஷம் பொய்க்கும் என்பதை முன்னறிய வேண்டி, உலகத்தின் பற்பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளை வரவழைத்து, இந்தியக் குமாஸ்தாக்கள் பலரைக் கொண்டு கையாலேயே கணக்கிடுவித்தார். பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் ஏறும்போது இந்து மகாசமுத்திரப் பக்கத்தில் இறங்குவதும், அங்கு இறங்கும்போது இங்கு ஏறுவதும் அதனால் வெளிப்பட்டன. அதற்குத் தென் அலைவு என்று அவர் பெயரிட்டார். இன்று எல் நினோ என்று பத்திரிகைகளில் படிப்பதும் இதுவும் ஒரே காரியத்தின் இரு முகங்கள் என்று பின்னர் 1960-களில் விளங்கிற்று. பருவமழையைப் பற்றி இக்காலத்தில் வெளியிடும் முன்னறிவிப்பு பெரும்பாலும் இந்த அறிவின்மேல் நிற்கின்றது. எங்கோ ஒரு தீவில் ஒருவர் காலையில் எழுந்து எழுதிய எண், நம் ஊரின் விதைப்புக்கு வந்து உதவுகின்றது.

இப்போது பல இடங்களில் தானாக அளந்து தானாகவே செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. கால் மணிக்கு ஒருமுறைகூட அளவு தருவன உண்டு. நல்லதே. ஆயினும் புனல் வாயில் ஒரு சருகு அடைத்தால் அதற்குத் தெரியாது. பெருமழையில் மின்சாரம் அறுந்தால், எப்போது வேண்டுமோ அப்போதே மௌனமாகிவிடும். பக்கத்தில் கையால் அளந்த ஏடு ஒன்றிருந்தால்தான் அதன் நாணயம் தெரியும்.

சங்கம் ஒன்று மழைமானி வைக்க விரும்பினால் பெருஞ்செலவு இல்லை. வாங்க இயலாவிடில் செய்துகொள்ளலாம். விளிம்பு கூராகவும் வட்டமாகவும் உள்ள ஒரு தகரப் புனலை எடுத்து, வாயின் குறுக்களவை அளக்கவும். 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 10, 10-ஐப் பத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு இப்புனலில் 31.4 மில்லிலிட்டர் நீர் விழும். காலையில் குப்பியில் 785 மில்லிலிட்டர் இருந்தால், 31.4-ஆல் வகுக்க, மழை 25 மில்லிமீட்டர். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குழலே போதும். குப்பியை ஒரு வாளிக்குள் மண்ணில் பாதி புதைத்து வைத்தால் காற்றில் சாயாது, வெயிலில் நீர் வற்றாது. ஆடு மாடு முட்டாதிருக்கத் தாழ்ந்த வேலி வேண்டும். சிறுவர்கள் நீர் ஊற்றிப் பார்க்காதிருக்க அவர்களையே அளக்க வைப்பது உத்தமம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். சங்கத்தின் ஏடு காப்பீட்டுக் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. உடன்படிக்கையில் எந்த நிலையம் குறிக்கப்பட்டதோ அதுவே செல்லும். அவ்வாறாயின் இதனால் என்ன பயன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் ஊருக்கும் குறிக்கப்பட்ட நிலையத்திற்கும் வருஷா வருஷம் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தேதிவாரியாகக் காட்ட முடிந்தால், அருகில் வேறொரு நிலையம் வேண்டுமென்று கேட்பதற்கு ஆதாரம் உண்டு. "எந்தத் தேதிகளில், எவ்வளவு?" என்ற கேள்விக்கு விடை உண்டு. பயிர்க்கடன் தவணையைப் பற்றிப் பஞ்சாயத்தார் கூடிப் பேசும்போது, யார் குரல் உரத்தது என்று பாராமல் ஏட்டைப் பார்த்துப் பேசலாம். மூன்று வருஷ ஏடு சேர்ந்தால் எந்த வாரத்தில் விதைத்தவர் தப்பினார் என்பதையும் அதிலேயே காணலாம்.

முன்சொன்ன கிராமத்துச் சங்கத்தில் இப்போது ஒரு மழைமானி இருக்கின்றது. முன்பு "தூறல்", "நல்ல மழை" என்று எழுதிய அதே அங்கத்தினர்தாம் அளக்கிறார். அவர் வெளியூர் செல்லும் நாட்களில் அவருடைய பேத்தி அளக்கிறாள். சென்ற முறை பரிசோதனைக்குச் சென்றபோது, ரொக்கப் புத்தகத்திற்கு முன்னே மழை ஏட்டை என்னிடம் நீட்டினார்கள். ஒரு மாதத்தில் 31 வரிகளும் நிறைந்திருந்தன. அவற்றில் 26 வரிகளில் "0" என்று இருந்தது. 17-ந் தேதிக்கு எதிரே மட்டும், "அளக்கவில்லை, கலியாணத்திற்குப் போயிருந்தோம்" என்று பெண்பிள்ளையின் கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் அதன் கீழே கையெழுத்திட்டேன்.